முப்பத்தொரு துவக்கும் ஒரு சொல்லும்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
12 ஒக்டோபர் 2023

வினோஜனுக்கு,

என் தொலைபேசி எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். தடுக்காவிட்டாலும் கம்பி கட்டிய தாடையோடு உன்னால் கதைக்க முடியாது. உன் அக்காவிடம் கொடுத்து அனுப்பலாம் என்று பார்த்தேன். யோகராணி, "புருசனுக்கும் தம்பிக்கும் நடுவில நான் என்ன தபால்காரியோ? முத்திரை வாங்கி ஒட்டுங்கோ" என்றாள். ஒட்டியிருக்கிறேன்.

என் தம்பி ஹென்றியின் வலது கண்ணை நான்காம் தேதி புதன்கிழமை எடுத்துவிட்டார்கள். காப்பாற்றலாமா என்று இரண்டு நாள் பார்த்தார்கள். உன் விளையாட்டுத் துவக்கிலிருந்து போன பிளாஸ்டிக் குண்டு அரைக் கிராம்கூட இல்லை. குறுக்களவு ஆறு மில்லிமீற்றர். அது கருவிழியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. மருத்துவர் அதை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. கழுவியிருப்பார்கள்.

நேற்று விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். தாடை கட்டுவதற்கு முன் நீ ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாயாம்: "அன்டன் அத்தான் விடு எண்டு கத்தினவர். அதுதான் விட்டனான்." மொழிபெயர்த்தவர் அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் 'தீர்' என்று போட்டிருக்கிறார். 'சுடு' என்று பொருள். அதிகாரி அதை வாசித்தபோது என் காதில் தமிழாகத்தான் விழுந்தது. ஆளைத் தீர்.

முதலாம் தேதி விளையாட்டில், அந்தக் காட்டுத் திடலில் நான் 'விடு' என்று கத்தியது உண்மை. போதும், அவனை விடு. அதுதான் நான் சொன்னது. என் சொந்தத் தம்பியைச் சுடச் சொல்வேனா?

உன் தாடையை உடைத்தது நான். அதை அதிகாரியிடமும் மறைக்கவில்லை. துவக்கின் சோங்கால், அந்தப் பின்கட்டையால், மூன்று முறை அடித்தேன். அதற்கு என்ன வருமோ வரட்டும். ஆனால் ஹென்றியின் கண்ணை என் தலையில் கட்டாதே. நவம்பர் இருபத்தோராம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு எங்கள் மூவரையும் இறுதி வாக்குமூலத்துக்கு அழைத்திருக்கிறார்கள். அதற்குள் உன்னுடையதைத் திருத்து.

அன்டன்

நோத்ர-டாம்-த-கிரேஸ்
17 ஒக்டோபர் 2023

அத்தானுக்கு,

மூன்று இல்லை, நான்கு அடி. எண்ணியவன் அடி வாங்கியவன். முதலாவது தோளில் விழுந்தது, அதை நீங்கள் சேர்க்கவில்லை போலிருக்கிறது. இரண்டாவதில் தாடை போனது. காய்ந்த சிரட்டையை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம். அது எனக்குள்ளே இருந்து வந்தது என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மூன்றாவதில் இரண்டு பல். நான்காவது, நான் நிலத்தில் கிடந்தபோது. எங்கள் குழுவின் இரவிச்சந்திரன் அண்ணை உங்களைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, "டேய் அன்டன், செத்திடுவானடா" என்று கத்தியிராவிட்டால் ஐந்தாவதும் விழுந்திருக்கும். வாயில் மண்ணும் இரத்தமும். மண்ணைத்தான் முதலில் துப்பினேன்.

'விடு' என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். அதை எனக்குப் பழக்கியவரே நீங்கள்தான். நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் உங்கள் பேஸ்மென்றில் என்ன நடந்தது? நான் மேசையில் முழங்கையை ஊன்றிச் சுவரில் தொங்கும் மீன் ரின்னைக் குறி பார்ப்பேன். நீங்கள் வேகம் அளக்கும் பெட்டியைச் சரிசெய்துவிட்டு "விடு" என்பீர்கள். நான் விடுவேன். ரின் 'டங்' என்னும். நீங்கள் இலக்கத்தை வாசித்துக் கொப்பியில் எழுதிவிட்டு மறுபடி "விடு" என்பீர்கள். ஆயிரம் தரம் சொல்லியிருப்பீர்கள். ஒரு தரமாவது 'நிறுத்து' என்ற பொருளில் சொன்னீர்களா?

அதைவிடச் சந்தோசமான இடம் எனக்கு இந்த ஊரில் இருக்கவில்லை. கிழமையில் ஐந்து நாள் பஸ் திருத்த அதற்குக் கீழே மல்லாந்து கிடக்கிறவன் நான். அங்கே வந்தால் சிலிக்கன் எண்ணெய் மணம், சுவரில் முப்பத்தொரு துவக்கு. கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்தாலும் பாரத்தை வைத்தே எது என்று சொல்லுவேன். குண்டு நிரப்பிய மகசீன் உள்ளே போய்ப் பூட்டுகிற சத்தத்துக்காகவே ஒன்றை வாங்கி, ஒரு பின்னேரம் முழுக்க மாறி மாறிப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருந்தோம். "ரெண்டு கிழட்டுக் குழந்தையளும் தேத்தண்ணிக்கு வாங்கோ" என்று அக்கா மேலேயிருந்து கூப்பிடுவாள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். ஹென்றி முப்பத்தொரு துவக்கின் முனையிலும் செம்மஞ்சளாகத் தோடம்பழ நிறம் பூசிவிட்ட அன்று, படியில் நின்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இவனுக்கு ஒண்டு நல்லா நோகவேணும்." நான் பக்கத்தில் நின்றேன்.

வாக்குமூலத்தில் நான் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன்.

வினோஜன்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
24 ஒக்டோபர் 2023

வினோஜனுக்கு,

சனிக்கிழமை பகல் நாங்கள் ஹென்றியை மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு யோகராணியின் வாகனத்தில் போயிருந்தோம். திரும்பி வந்தால் என் காரின் முன்கண்ணாடி இல்லை. ஆசனம் முழுக்கக் கண்ணாடித் தூள். யோகராணி கையுறை போட்டுக்கொண்டு கூட்டி அள்ளினாள். தூளுக்குள் நட்டுக் கழற்றுகிற பதினேழாம் இலக்கச் சாவி ஒன்று கிடந்தது. பிடியில் பச்சை நாடா. உன் சாவிகள் எல்லாவற்றிலும் பச்சை நாடாதான். அவள் அதைக் கழுவித் துடைத்து லாச்சிக்குள் வைத்துவிட்டு, "அவன்ர. பேந்து தேடுவான்" என்றாள்.

பொலிசைக் கூப்பிடவில்லை. பொலிஸ் என்றால் எனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. செப்டம்பர் பதினாறாம் தேதி நீ இங்கே இருக்கவில்லை.

அன்று காலை வாசலில் வைத்துக் கார் டிக்கிக்குள் ஒரு துவக்கை வைத்தேன். உறைக்குள் போடவில்லை, சோம்பல். வீதியால் போன யாரோ அறிவித்திருக்கிறார்கள். நான்கு வாகனம் வந்தது. பிழை அவர்களுடையது இல்லை. இருபதடித் தூரத்தில் எனக்கே அது உண்மையான துவக்குத்தான். அதற்காகத்தானே அத்தனை பாடுபட்டோம், இரும்பை உரசி, மரத்துக்குச் சாயம் ஏற்றி. "குப்புறப் படு" என்றார்கள். கன்னம் தாரில் பட இருபது நிமிடம் கிடந்தேன். முதுகில் ஒருவரின் முழங்கால். ஹென்றி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பேக்கரி வேலைக்குப் போக உடுத்த வெள்ளை உடுப்பு. இப்போது சுடப்போகிறார்கள் என்று நினைத்தானாம். ஜன்னல் சட்டத்தை அவன் பிடித்த இடத்தில் பெயின்ற் உரிந்திருக்கிறது.

அதற்கு ஐந்தாம் நாள் நான் வேலையில் இருந்தபோதுதான் முனைகளுக்குப் பூசினான். தூரத்திலிருந்தே விளையாட்டுச் சாமான் என்று தெரியட்டும் என்று. எனக்கு அப்போது அது மண்டையில் ஏறவில்லை. முப்பத்தொன்று, வினோஜன். இரண்டு வருடம் காத்திருந்து யப்பானிலிருந்து எடுப்பித்ததையும் விடவில்லை. நீ சொன்னது சரி. படியில் நின்று நான் அப்படித்தான் சொன்னேன். சொன்னால் அது தீர்ப்பா?

கண்ணாடிக்குப் பதில் தனியாக அனுப்புகிறேன். சப்பாத்துப் பெட்டி ஒன்று வரும். உன் துவக்கு பொலிஸில் இருக்கிறது. மிச்சம் முப்பதையும் நேற்று இடுக்கியில் பூட்டி, குழாயை அறுத்தேன். அறுத்து முடித்த ஒவ்வொன்றையும் கொங்கிறீட் நிலத்தில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். பாதி உன் கையால் செய்தவை. அவற்றுக்குக் கூடுதல் நேரம் எடுத்தது. நன்றாகச் செய்திருந்தாய்.

அன்டன்

நோத்ர-டாம்-த-கிரேஸ்
30 ஒக்டோபர் 2023

அத்தானுக்கு,

பெட்டி வந்தது. அறுத்த முனை முப்பது. எல்லாவற்றிலும் தோடம்பழ நிறம். மேசையில் கொட்டி வரிசையாக நிற்கவைத்தேன். எது எந்தத் துவக்கு என்று இருபத்தெட்டைச் சொல்ல முடிந்தது.

தாடையைக் கட்டியிருப்பவனுக்கு ஒரு சின்னக் குறடு தருவார்கள். வாந்தி வந்தால் கம்பியை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைத்துச் சாவான். பெட்டியைத் திறந்ததும் நான் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிக்கு மேலே குனிந்து நின்றேன். வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்று தோன்றியது.

கண்ணாடியை உடைத்தது நான்தான். பஸ்ஸில் வந்து, உங்கள் வீதி முனையில் இறங்கி நடந்தேன். முதல் அடியில் வெடிப்பு மட்டும் விழுந்தது. ஏழு அடி தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வந்தது, ஒவ்வொன்றும் எனக்கு இனித்தது. எட்டாவதாக அக்காவின் ஜன்னலையும் பார்த்தேன். கையில் சாவி இல்லை, உள்ளே விழுந்துவிட்டது. விழாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் சொல்லாதீர்கள். சாவியைக் கழுவி வைத்தாள் என்று வாசித்தபோது அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

பொலிஸ் வந்த கதையை நீங்கள் அன்று எனக்குச் சொல்லவில்லை. "ஒண்டுமில்லை, சும்மா விசாரிச்சவங்கள்" என்று சிரித்தீர்கள்.

ஹென்றி என்ன சொல்கிறான்? மூன்று கடிதத்தில் நாங்கள் இருவரும் அந்த ஒரு சொல்லைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் காதிலும் அது விழுந்ததுதானே. அவனைக் கேட்டீர்களா?

வினோஜன்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
6 நவம்பர் 2023

வினோ,

ஹென்றியைக் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவனும் சொல்வதில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது போலிருக்கிறது. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறான். கை சுட்டாலும் சத்தம் போடுவதில்லை. மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுகிறான்.

நீ இதை வாசிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கவேண்டாம்.

நான் பொய் சொன்னேன். அதிகாரிக்கும், உனக்கும், உன் அக்காவுக்கும்.

இந்த விளையாட்டில் ஒரு சட்டம்தான் உயிர். குண்டு பட்டால் பட்டவனே கையை உயர்த்தி "பட்டுது" என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். வேறு யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. அன்று காலை ஹென்றிக்கு இரண்டு தரம் பட்டது. இரண்டு தரமும் கண்டேன். பல்லைக் காட்டிக்கொண்டு "படேல்லை, படேல்லை" என்று ஓடினான். மூன்றாம் தரம் அவன் பலகைச் சுவருக்குப் பின்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். நீ பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றாய். நான் உனக்குப் பின்னால். உன் துவக்குக்கு வலுவான சுருள்வில் போட்டவன் நான். அதால் முப்பது மீற்றருக்குள் ஒருவரையும் சுடக்கூடாது என்று எல்லோருக்கும் படிப்பிப்பவனும் நான்.

அவன் முதுகைப் பார்த்தேன். படேல்லை. முப்பத்தொரு முனையும் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. அந்த முதுகில் ஒரு கண்டல் விழவேண்டும், இரண்டு கிழமை மல்லாந்து படுக்கக்கூடாது என்று நினைத்தேன். "விடு" என்று கத்தினேன். பேஸ்மென்றில் சொல்கிற அதே 'விடு'. உனக்கு விளங்கியது சரி. மொழிபெயர்த்தவர் எழுதியதும் சரி.

அவன் திரும்புவான் என்று நான் நினைக்கவில்லை.

இன்னும் ஒன்று. உன்னை நான் அடித்தது ஹென்றிக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவன் கீழே உருண்டு அலறிக்கொண்டிருக்கிறான், விரலுக்கிடையால் இரத்தம் வழிகிறது, நான் அவனிடம் போகவில்லை. உன்னிடம் வந்தேன். நீ வாயைத் திறந்து "அத்தான், நீங்கள்தானே" என்று தொடங்கினாய். அந்த வாயைத்தான் அடித்தேன். தாடை உடைந்தால் சொல் வெளியே வராது என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இருபத்தோராம் தேதி இதைச் சொல்லப் போகிறேன்.

அன்டன்

நோத்ர-டாம்-த-கிரேஸ்
6 நவம்பர் 2023

அத்தான்,

ஒரு கிழமையாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வருவதற்கு முன் நான் எழுதிவிட வேண்டும். பிறகு முடியாது.

நான் எழுதிக் கொடுத்தது சொல்லுக்குச் சொல் உண்மை. ஆனாலும் பொய்.

நீங்கள் "விடு" என்றது கேட்டது. நிறுத்தச் சொல்கிறீர்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. முப்பது மீற்றர் சட்டத்தைப் படிப்பிக்கிற மனிதன், தம்பியின் முதுகு பன்னிரண்டு அடியில் தெரியும்போது வேறு எதைச் சொல்வான்? அவனை விடு, போகட்டும். சந்தேகமே வரவில்லை.

அதே கணத்தில் மீன் ரின்னும் ஞாபகம் வந்தது. அந்தச் சொல்லுக்கு எங்களுக்குள் இன்னொரு பொருள் இருக்கிறது. பிறகு யாராவது கேட்டால் அதைச் சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவையும் யோசிக்க நேரம் இருந்தது, அத்தான். ஒரு நொடிக்குள் மனிதனுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்கு முன்பு தெரியாது.

அவன் திரும்பினான். கை கண் கவசத்துக்குப் போனது. அதை நெற்றிக்கு மேலே தள்ளினான். அவனுடைய இரண்டு கண்ணையும் நான் வடிவாகக் கண்டேன். சிரிக்கவில்லை. எதையோ கேட்கப் போகிற முகம். விரல் விசையில் இருந்தது, நான் அதை எடுத்திருக்கலாம். இரண்டு தரம் படேல்லை என்றவன், என் கையால் மெருகேற்றிய இரும்பில் பெயின்ற் பூசியவன். இந்த முறை படவில்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். முகத்துக்குத்தான் குறி வைத்தேன் என்று சொல்லமாட்டேன். குறியை மாற்றவில்லை என்று சொல்லுவேன்.

நீங்கள் அடித்தபோது, நான்காவது அடிக்கு நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கவனித்திருக்கமாட்டீர்கள்.

நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. இருபத்தோராம் தேதி அதைத்தான் சொல்வேன். உங்கள் பெயர் அதிலிருந்து போய்விடும்.

வினோஜன்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
15 நவம்பர் 2023

வினோ,

இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்துவிட்டன. உன்னுடையதை வாசித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னித்துக்கொள். நான் சுடச் சொன்னேன். நீ நிறுத்தச் சொன்னதாக விளங்கிக்கொண்டாய். விளங்கிக்கொண்டும் சுட்டாய். நீ என்னைக் காப்பாற்ற எழுதியிருக்கிறாய், ஆனால் காப்பாற்ற அங்கே ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஹென்றியிடம் கொடுத்தேன். உன்னுடையது உன்னிடமிருந்து வந்தது, என்னுடையது நான் அனுப்பாமல் வைத்திருந்த முதல் பிரதி. உன்னைக் கேட்காமல் கொடுத்தது பிழை என்றால் அதையும் என் கணக்கில் சேர். அவன் குசினி மேசையில் இருந்து, தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு வாசித்தான். ஒரு மணித்தியாலம் எடுத்தது. யோகராணி அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

வாசித்து முடித்துவிட்டு இரண்டையும் மடித்து என்னிடம் தந்தான். "நான் சொல்லட்டோ?" என்றான்.

"சொல்லு."

"அண்டைக்கு ரெண்டு தரமும் எனக்குப் பட்டது. அது உண்மை. சும்மா பகிடிக்குத்தான். மூண்டாந்தரம் முதுகுப் பக்கம் உங்கட குரல் கேட்டுது, விடு எண்டு. ஆருக்கோ என்னவோ நடந்திட்டுது, விளையாட்டை நிப்பாட்டச் சொல்லுறியள் எண்டு நினைச்சன். அதுதான் கண்ணாடியைக் கழட்டினனான்."

நான் கடிதங்களை மேசையில் வைத்தேன்.

"வேற ஆரும் கத்தியிருந்தா கழட்டியிருக்கமாட்டன் அண்ணை," என்றான். "உங்கட குரல்தானே."

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போய்விட்டான். இப்போது அவனுக்கு வெதுப்பியில் வேலை இல்லை, பைகளுக்குள் பாண் போடுகிற வேலை.

உன் கம்பியை நேற்றுக் கழற்றியாகிவிட்டது என்று யோகராணி சொன்னாள். எனக்குத் தொலைபேசி எடுக்காதே. இருபத்தோராம் தேதி காலை அங்கே வா. வேண்டுமென்றால் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். யார் வந்தாலும் அந்தச் சொல்லை மூன்று தரம் மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும். நான் முதலில் சொல்கிறேன். பிறகு நீ. பிறகு அவன்.

நேற்றுப் பின்னேரம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஹென்றி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். வழக்கம் போல வெளியே போனது. உன் அக்கா கேத்திலைப் பிடித்து, அவள் பேசுகிற அந்த மெல்லிய குரலில், "விடு, நான் ஊத்துறன்" என்றாள்.

கேத்தில் நிலத்தில் விழுந்தது. கொதிநீர் அவன் பாதத்தில். அவன் காலை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான்.

அன்டன்